இடையில் நிறுத்தும் உரிமை
(தரவுத்தள வினவலைத் தடுக்கும் மீளழைப்பும் அதனைச் சோதிக்கும் முறையும்)

தோற்றுவாய்

தொடங்கிய வினையை முடித்தல் அரிது என்பதனை யாவரும் அறிவர். தொடங்கிய வினையைப் பழுது நேராவண்ணம் நடுவில் நிறுத்துதல் அதனினும் அரிது என்பதனைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவனார் முடிக்காது விட்ட வினையின் எச்சத்தை அணைக்காது விட்ட தீயின் எச்சத்தோடு ஒப்பவைத்து நம்மை எச்சரிக்கின்றார். கோபுரம் கட்டத் தொடங்கி அதனை முடிக்க மாட்டாது நின்றவனைக் குறித்து நம் ஆண்டவர் அருளிய உவமை லூக்கா எழுதிய நற்செய்தியிற் காணப்படுகின்றது. இவ்விரண்டு அறிவுரைகளும் மாந்தர்க்கு உரைக்கப்பட்டனவேனும், மாந்தர் ஆக்கிய பொறிகட்கும் அவை பொருந்துவனவாகவே உள்ளன.

கணிப்பொறியில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, அது நெடுநேரம் முடியாமையால் ‘போதும், நிறுத்து’ என்று நாம் ஒரு பொத்தானை அழுத்துகின்றோம். பொறியும் நின்றுவிடுகின்றது. நாமும் அமைதியடைகின்றோம். ஆயின், நின்ற அவ்வேளையில் அதன் கையில் இருந்த கணக்கு யாதாயிற்று? பாதி எழுதிய ஏடு அழிக்கப்பட்டதா, அன்றி அப்படியே விடப்பட்டதா? இவ்வினாவிற்கு உறுதியான விடை கூறுதற்கே சோதனை வேண்டப்படுகின்றது. அதனை ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்தைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். முற்றும் எச்சமும் பற்றிய ஆராய்ச்சி இலக்கண மாணாக்கர்க்குப் புதிதன்று என்பதே எமது விடை.

மீளழைப்பு என்பது யாது?

தரவுத்தளம் என்பது செய்திகளை அட்டவணை அட்டவணையாக ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் ஏட்டறை. அதனிடம் ஒன்றைக் கேட்பதும், ஒன்றை மாற்றுமாறு ஏவுவதும் வினவல் எனப்படும். சிறு வினவல் கண்ணிமைக்கும் பொழுதில் முடியும். பெரு வினவல் பல நிமிடங்கள் நீளும். அங்ஙனம் நீளும்பொழுது வினவலை நடத்தும் பொறி, தன் வேலையின் நடுவே, நாம் முன்னரே எழுதிக் கொடுத்த ஒரு சிறு செயற்கூற்றை அவ்வப்பொழுது தானே அழைக்குமாறு செய்யலாம். நாம் பொறியை அழைத்தோம். பொறி மீண்டு நம்மை அழைக்கின்றது. ஆதலின் இதனை மீளழைப்பு என்கின்றோம். நிரல் எழுதுவோர் ‘கால்பேக்’ என்பர்.

பண்டைக்காலத்தில் ஏடு பெயர்த்தெழுதும் ஒருவரை மனத்திற் கொள்க. அவர் சில அடிகள் எழுதி முடித்ததும் தலை நிமிர்ந்து, எழுதுவித்த ஆசிரியரின் முகத்தை நோக்குகின்றார். ஆசிரியர் வாளாவிருப்பின் மேலும் எழுதுகின்றார். கையமர்த்தினால் எழுத்தாணியைக் கீழே வைக்கின்றார். இங்கே எழுதுவோர் பொறி. ஆசிரியரின் பார்வை மீளழைப்பு. எத்தனை அடிக்கு ஒருமுறை தலை நிமிர்வது என்பது இடைவெளி எண். வேலை எத்துணை நடந்தது என்று பயனர்க்குக் காட்டுதல், வேண்டாவிடின் வேலையை நிறுத்துதல் ஆகிய இரண்டு பயன்களும் இப்பார்வையினாற் கிடைக்கின்றன.

எஸ்க்யூலைட்டின் அமைப்பு

இம்முறையைக் கற்பதற்கு எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம் மிகவும் ஏற்றது. அமெரிக்க நாட்டினராகிய ரிச்சர்டு ஹிப் என்பார் 2000 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். கடற்படைக் கப்பலொன்றிற்கான மென்பொருளை ஆக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தபொழுது, தனியே இயங்கும் தரவுத்தள வழங்கி நின்றுபோகுந்தோறும் தம் மென்பொருளும் பயனற்றுப் போவதைக் கண்டு, வழங்கியே வேண்டாத ஒரு தரவுத்தளத்தை ஆக்க எண்ணினார் என்பது அதன் தோற்ற வரலாறு. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய கைப்பேசிகளிலும், ஃபயர்ஃபாக்ஸ் முதலிய உலாவிகளிலும் அது பொதிந்துள்ளது. எவரும் விலையின்றி எடுத்து வழங்குமாறு பொதுவுடைமையாகவும் விடப்பட்டுள்ளது. அதனை ஆக்குவோர் தம் ஒழுகலாற்று நெறியாகப் புனித பெனடிக்டு வகுத்த மடத்து ஒழுங்கின் 4 ஆம் இயலை ஏற்றுக்கொண்டிருக்கின்றனர் என்பது நம் கல்லூரி மாணாக்கர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

எஸ்க்யூலைட், தனக்கு இடப்பட்ட வினவலை நேரே நடத்துவதில்லை. முதற்கண் அதனைச் சிறு சிறு ஆணைகளின் நிரலாக மாற்றி, பின்னர் மெய்நிகர் பொறி ஒன்றின் வாயிலாக அவ்வாணைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகின்றது. ‘பிராகிரஸ் ஹேண்ட்லர்’ எனப்படும் மீளழைப்பினை நாம் பதிவு செய்யும்பொழுது இடைவெளி எண்ணொன்றையும் கொடுக்கின்றோம். அது 1000 ஆயின், ஏறத்தாழ 1000 ஆணைகட்கு ஒருமுறை நம் செயற்கூறு அழைக்கப்படும். நம் செயற்கூறு சுழியத்தை விடையாகத் தரின் வேலை தொடரும்; சுழியமல்லாத எதனைத் தரினும் வேலை நிற்கும்; ‘இடைநிறுத்தப்பட்டது’ என்னும் பொருளுடைய 9 ஆம் எண் பிழைக்குறி நமக்குத் திருப்பித் தரப்படும்.

ஈண்டு ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லைக் கருதி நோக்குதல் வேண்டும். பொறி ஒவ்வோர் ஆணை முடிவிலும் நம்மை நினைப்பதன்று. சுழற்சியாக நடக்கும் வேலையில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குத் திரும்புதல் போன்ற இடங்களிலேயே ‘அழைக்கும் காலம் வந்ததா?’ என்று அது நோக்குகின்றது. ஏடெழுதுவோரும் ஓரெழுத்தின் நடுவே தலை நிமிர்வதில்லையன்றோ? இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. இடைவெளியை 1 என வைப்பினும் ஒவ்வோர் ஆணைக்கும் அழைப்பு வாராது என்பது ஒன்று. தனியோர் ஆணையே நெடுநேரம் பிடிக்குமாயின், அது முடியுந்துணையும் மீளழைப்பு நிகழாது என்பது மற்றொன்று.

வேறு சில வரையறைகளும் உள. ஓர் இணைப்பிற்கு ஒரு மீளழைப்பே உண்டு; இரண்டாவதைப் பதிவு செய்யின் முதலாவது நீங்கும். இடைவெளி எண்ணை 1 இற்குக் குறைவாகக் கொடுப்பின் மீளழைப்பே இல்லாது ஒழியும். மீளழைப்பின் உள்ளிருந்து அவ்விணைப்பினையே மாற்றத் துணிதல் ஆகாது. 2023 ஆம் ஆண்டு வெளிவந்த 3.41.0 ஆம் பதிப்பு முதலாக, சிக்கலான வினவலை ஆணைகளாக மாற்றும் ஆயத்த நிலையிலும் மீளழைப்பு நேரே நிகழக்கூடும். ஆதலின் நடத்தும் இடத்தில் மட்டும் பிழையை எதிர்நோக்கி, ஆயத்தம் செய்யும் இடத்தில் எதிர்நோக்காத நிரல் இக்காலத்துக்குப் போதாது.

முற்றும் எச்சமும்

‘எழுந்து, குளித்து, உண்டு, சென்றான்’ என்னும் தொடரை நோக்குக. எழுந்து, குளித்து, உண்டு என்பன வினையெச்சங்கள். சென்றான் என்னும் முற்று வந்தபின்னரே தொடர் நிலைபெறுகின்றது. முற்று வாராதொழியின் முன்னின்ற எச்சங்கள் யாவும் பொருள் முடிவின்றித் தொங்கும். தரவுத்தளத்தில் ‘பரிவர்த்தனை’ எனப்படுவதும் இத்தகையதே. பல மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, இறுதியில் ‘கமிட்’ என்னும் ஆணையால் முடிக்கின்றோம். அவ்வாணையே முற்று. அது வருமளவும் முன் செய்த யாவும் எச்சமே. அது வாராவிடின் அவை யாவும் நிகழாதனவாகவே கொள்ளப்படும்.

இனி, நடுவே இடைநிறுத்தம் நேர்ந்தால் நிகழ்வது யாது? செய்திகளைப் படிக்க மட்டும் செய்யும் வினவல் நிறுத்தப்படின், அவ்வினவல் ஒன்றே ஒழியும்; அதனைச் சூழ்ந்த பரிவர்த்தனை கெடாது நிற்கும். பரிவர்த்தனையின் நடுவே, சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய எழுதும் வினவல்களுள் ஒன்று நிறுத்தப்படின், அவ்வொன்று மட்டுமன்றிப் பரிவர்த்தனை முழுவதுமே தன்னியல்பாகத் திருப்பப்படும். முன் செய்து முடித்த மாற்றங்களும் உடன் நீங்கும். இவ்வேறுபாட்டினை அறியாத நிரலால் விளையும் கேடு சிறிதன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். விடுதி ஒன்றின் கணக்கில், உணவு நிதியிலிருந்து ஏழை மாணவர் நிதிக்கு ரூபாய் 5,000 மாற்றவேண்டும் எனக் கொள்க. நிரல் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்குகின்றது. முதற்படியில் உணவு நிதியில் 5,000 குறைக்கின்றது. இரண்டாம் படியில் மாணாக்கர் அனைவருடைய ஆண்டு நிலுவையையும் திருத்துகின்றது. இது நெடுநேரம் ஆகும் வேலை. மூன்றாம் படியில் ஏழை மாணவர் நிதியில் 5,000 கூட்டுகின்றது. இரண்டாம் படி நடக்கும்பொழுது கணக்கர் பொறுமையிழந்து பொத்தானை அழுத்துகின்றார். மீளழைப்பு வேலையை நிறுத்துகின்றது. பரிவர்த்தனை முழுவதும் திருப்பப்பட்டமையால், முதற்படியில் குறைத்த 5,000 உம் மீண்டும் உணவு நிதிக்கே வந்துவிடுகின்றது. இதுகாறும் தீங்கில்லை. ஆயின் நிரலை எழுதியவர் ‘இரண்டாம் படி மட்டுமே நின்றது’ என்று கருதி மூன்றாம் படிக்குச் செல்லுமாறு விட்டிருப்பாராயின், அப்படி பரிவர்த்தனைக்கு வெளியே தனித்து நடந்து, அப்பொழுதே நிலைபெற்றுவிடும். உணவு நிதி குறையவில்லை. ஏழை மாணவர் நிதி கூடிவிட்டது. இல்லாத பணம் ஏட்டிலே பிறந்துவிட்டது! ஆண்டிறுதியில் பெட்டியும் ஏடும் ஒவ்வாதபொழுது, கையூன்றிக் கணக்கெழுதிய எளிய ஊழியர்மீதே பழி விழும். தரவுத்தளம் தன் கடமையை வழுவாது செய்தது. அதன் நெறியை அறிந்து சோதியாமையே இக்கேட்டிற்குக் காரணமாயிற்று.

முதற் சோதனைகள்

மீளழைப்பினைச் சோதிக்கப் புகுவோர் எளியன முதலாக அரியன ஈறாகப் படிப்படியே செல்லுதல் நன்று. பைதான் மொழியிலே எஸ்க்யூலைட்டினைக் கையாளும் பகுதி உடன் வருதலின், மாணாக்கர் வேறொன்றும் வேண்டாது இவற்றைச் செய்து பார்க்கலாம். தரவுத்தளத்தையும் வட்டில் வையாது நினைவகத்திலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ஏடு கிடைக்கும்.

முதலாவது, அழைக்கப்படுகின்றதா என்று காண்டல். செயற்கூற்றினுள்ளே ஓர் எண்ணியை வைத்து, அழைக்குந்தோறும் ஒன்று கூட்டுக. வினவல் முடிந்தபின் எண்ணி சுழியத்தினும் மிக்கிருத்தல் வேண்டும். வினவல் சிறிதாகவும் இடைவெளி பெரிதாகவும் இருப்பின், ஒருமுறையும் அழைக்கப்படாமலே வினவல் முடிந்துவிடும், அது பிழையன்று. எனவே சோதனையில் இடைவெளியை 1 என வைத்தல் தக்கது.

இரண்டாவது, இடைவெளிக்கு ஏற்ப எண்ணிக்கை மாறுகின்றதா என்று காண்டல். ஒரே வேலையை இடைவெளி 1 ஆகவும், பின்னர் 2 ஆகவும் வைத்து நடத்துக. முன்னதன் எண்ணிக்கை பின்னதனினும் குறைதலாகாது. பைதானின் சொந்தச் சோதனைத் தொகுதியிலும் இத்தகைய ஒப்பீடே காணப்படுகின்றது. ‘சரியாக 47 முறை அழைக்கப்படும்’ என்பதுபோன்று துல்லிய எண்ணை எழுதிவைத்தல் தவறு. எஸ்க்யூலைட்டின் பதிப்பு மாறுந்தோறும் ஒரு வினவலுக்குரிய ஆணைகளும் மாறுதல் கூடும்; அப்பொழுது பழுதொன்றும் இல்லாமலே சோதனை தோற்கும். காரணமின்றிக் கூவும் காவலனை ஊரார் நம்புவதில்லை.

மூன்றாவது, தொடர்க என்று விடை தரும் மீளழைப்பு வினவலின் பயனை மாற்றாமை காண்டல். மீளழைப்பு இன்றி ஒருமுறையும், சுழியம் தரும் மீளழைப்போடு ஒருமுறையும் ஒரே வினவலை நடத்தி, இரண்டின் விடையையும் ஒப்பிடுக. அவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, நிறுத்துக என்றால் நிற்கின்றதா என்று காண்டல். இதற்குத் தானே முடியாத வினவலொன்று வேண்டும். 2014 ஆம் ஆண்டு வெளிவந்த 3.8.3 ஆம் பதிப்பு முதலாக, தன்னைத் தானே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொள்ளும் வினவலை எஸ்க்யூலைட்டில் எழுதலாம். அதனைக் கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே செல்லுமாறு ஏவி, 100 ஆம் அழைப்பில் மீளழைப்பு நிறுத்தவேண்டும் என அமைக்க. நிறுத்தும் அமைப்பு பழுதுபட்டிருப்பின் சோதனையே முடிவின்றி ஓடும் அன்றோ? ஆகலின், எண்ணும் வினவலுக்குப் பத்து இலட்சம் என்பதுபோன்றதோர் எல்லையைத் தனியே இட்டுவைத்தல் அறிவுடைமை. பழுதிருப்பின் வினவல் தன் எல்லையில் நின்று, சோதனை தோற்றது என்பது தெளிவாக விளங்கும்.

ஐந்தாவது, நீக்கினால் நீங்குகின்றதா என்று காண்டல். நிறுத்தும் மீளழைப்பினைப் பதிவு செய்து, உடனே அதனை நீக்கி, வினவலை நடத்துக. வினவல் இடையூறின்றி முடிதல் வேண்டும். எண்ணியும் சுழியமாகவே இருத்தல் வேண்டும்.

எவ்விடத்தும் நிறுத்திப் பார்த்தல்

மேற்கூறிய ஐந்தும் வேண்டுவனவே. ஆயின் அவை போதா. நான்காம் சோதனை ஓரிடத்தில் மட்டுமே நிறுத்திப் பார்த்தது. பயனர் பொத்தானை எவ்விடத்தில் அழுத்துவார் என்பதனை யார் அறிவார்? 100 ஆம் அழைப்பில் நிறுத்தியபொழுது நன்றாக இருந்தது என்பது, 101 ஆம் அழைப்பிலும் நன்றாக இருக்கும் என்பதற்குச் சான்றாகாது. ஆகவே நிறுத்தக்கூடிய இடங்கள் அனைத்திலும் நிறுத்திப் பார்த்தலே நிறைவான சோதனை.

அதனைச் செய்யும் வழி பின்வருமாறு. 1000 வரிசைகளையுடைய அட்டவணை ஒன்றை ஆக்குக. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தொகை இருக்கட்டும். அத்தொகைகளின் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்க. ஒவ்வொரு தொகையையும் ஒன்று கூட்டுமாறு ஒரே திருத்த வினவலை ஏவுக. முதல் முயற்சியில், மீளழைப்பு முதல் அழைப்பிலேயே நிறுத்தட்டும். பின்னர் புதிய ஏட்டில், இரண்டாம் அழைப்பில் நிறுத்தட்டும். அடுத்து மூன்றாம் அழைப்பில். இங்ஙனம் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே செல்க. ஒரு நிலையில், குறித்த அழைப்பு வருமுன்னரே வினவல் முடிந்துவிடும். அதுவே சோதனையின் எல்லை.

ஒவ்வொரு முயற்சியின் பின்னும் ஐந்து வினாக்களை வினவுதல் வேண்டும்.

1. குறித்த அழைப்பிலேதான் வினவல் நின்றதா? அன்றி வேறொரு காரணத்தால் நின்றதா?

2. கூட்டுத்தொகை பழைய தொகையாகவோ, அதனோடு 1000 கூடிய புதிய தொகையாகவோ உள்ளதா? இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட யாதோர் எண்ணும் ஒப்பத்தக்கதன்று. பிழைக்குறி வந்தமையால் பழைய தொகைதான் இருக்கும் என்று ஊகித்தல் கூடாது. தரவுத்தளத்தையே கேட்டறிதல் வேண்டும்.

3. பரிவர்த்தனை இன்னும் திறந்துள்ளதா, மூடப்பட்டதா? இதனைக் கூறுதற்கு எஸ்க்யூலைட்டில் தனிச் செயற்கூறு உண்டு. பைதானிலும் இணைப்பின் பண்பாக அது கிடைக்கின்றது.

4. தரவுத்தளம் முழுமை கெடாது உள்ளதா? ‘இன்டெக்ரிட்டி செக்’ என்னும் ஆணை இதனைக் கூறும்.

5. மீளழைப்பினை நீக்கிவிட்டு அதே இணைப்பில் மற்றொரு வினவலை நடத்தினால், அது வழுவின்றி முடிகின்றதா? ஒருமுறை நிறுத்தப்பட்ட இணைப்பு எந்நாளும் நின்றேயிருக்குமாயின் அதனாற் பயனென்?

விடுதிக் கணக்கு போன்ற பல படிகளையுடைய பரிவர்த்தனைக்கும் இம்முறையை அப்படியே விரித்துக்கொள்ளலாம். ஆண்டு வினா ஒன்றே: இரு நிதிகளின் கூட்டுத்தொகை தொடக்கத்தில் இருந்ததேதானா? எவ்விடத்தில் நிறுத்தினும் அது மாறாதிருப்பின் நிரல் நம்பத்தக்கது. ஓரிடத்தில் 5,000 மிகுந்தாலும், நிரலின் எவ்வரியில் பிழை உள்ளது என்பதனை அச்சோதனையே சுட்டிக் காட்டிவிடும்.

இம்முறை யாம் புதிதாகக் கண்டதன்று. எஸ்க்யூலைட்டினை ஆக்குவோர் நினைவகம் கிடையாதொழியும் நிலையைச் சோதிக்க இதே நெறியைக் கையாளுகின்றனர். நினைவகம் கேட்கும் முதல் வேண்டுகோளைப் பொய்க்கச் செய்து பார்ப்பர், பின் இரண்டாவதை, பின் மூன்றாவதை, வேலை ஒரு பொய்ப்பும் இன்றி முடியுமளவும் அங்ஙனமே செல்வர். அதுவும் இருமுறை: குறித்த ஒன்று மட்டும் பொய்க்குமாறு ஒருமுறை, அதுமுதல் யாவும் பொய்க்குமாறு மற்றொருமுறை. 2023 ஆம் ஆண்டின் 3.42.0 ஆம் பதிப்பில் தரவுத்தளத்தின் நிரல் ஏறத்தாழ 1,55,800 வரிகள். அதனைச் சோதிக்கும் நிரலோ அதனினும் 590 மடங்கு. செய்பொருளினும் சோதனை இத்துணைப் பெருகியிருத்தல் மிகையோ என்று வினவுவார்க்கு, அப்பொருள் உலகெங்கும் எண்ணிறந்த கைப்பேசிகளில் எளியோர் செய்திகளைக் காத்துநிற்றலே விடையாகும்.

சோதனையே ஏமாற்றும் இடங்கள்

சோதனை வென்றது என்பதனால் மட்டும் நிரல் நன்று என்று துணிதல் ஆகாது. பொய்யாக வெல்லும் சோதனையும் உண்டு. அத்தகைய இடங்கள் மூன்றினை ஈண்டுக் குறிப்போம்.

முதலாவது, பைதானில் மீளழைப்பினுள் யாதேனும் பிழை எழுந்தால், அதனையும் ‘நிறுத்துக’ என்னும் விடையாகவே கொண்டு வினவல் முடிக்கப்படுகின்றது. அப்பிழையின் விவரமும், நாம் தனியே வேண்டினாலன்றி, வெளியே காட்டப்படுவதில்லை. ஒரு மாறியின் பெயரைத் தவறாக எழுதிய மீளழைப்பும் வினவலை ‘நிறுத்தும்’. நிறுத்தப்பட்டதா என்று மட்டும் நோக்கும் சோதனையும் வென்றுவிடும். தவறான காரணத்தால் வந்த சரியான விடை இது. முற்கூறிய ஐந்து வினாக்களுள் முதலாவது இதனைத் தடுப்பதற்கே வைக்கப்பட்டது.

இரண்டாவது இதன் மறுதலை. பைதானில் விடை தர மறந்த செயற்கூறு ‘வெறுமை’ என்னும் பொருளைத் தரும். பொறி அதனைத் ‘தொடர்க’ என்றே கொள்ளும். எனவே நிறுத்தவேண்டும் என்று கருதி எழுதியும், விடை கூறும் சொல்லை விடுத்தமையால், என்றும் நிறுத்தாத மீளழைப்பு உண்டாகும். தலையசைத்ததாகத் தாம் எண்ணிக்கொண்டு, உண்மையில் அசையாதிருந்த ஆசிரியரை ஒக்கும் இது. சிறு அட்டவணையில் வினவல் விரைந்து முடிதலின் இக்குறை புலப்படாது. முடியாத வினவலைக் கொண்டு செய்யும் நான்காம் சோதனையிலேயே அகப்படும்.

மூன்றாவது, காலத்தைக் கொண்டு அளத்தல். ‘இரண்டு நொடியில் நிற்கவேண்டும்’ என்று எழுதிய சோதனை, விரைவான பொறியில் வெல்லும். வேலை மிகுந்த பொறியில் தோற்கும். இடைவெளி எண் ஆணைகளைக் கொண்டு கணிக்கப்படுவதேயன்றிக் கடிகாரத்தைக் கொண்டன்று. ஆகவே எத்தனையாம் அழைப்பில் நின்றது என்பதனையே அளவாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு வரிசையைக் கையாள நாம் எழுதிய தனிச் செயற்கூறு நெடுநேரம் உறங்குமாயின், அது விழித்தெழுமளவும் மீளழைப்புக்கு இடமில்லை என்பதனையும் மறத்தலாகாது. அக்குறையை மீளழைப்பின்மேல் ஏற்றுதல் முறையன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நிறுத்தும் உரிமையைப் பயனர்க்கு வழங்கும் எவரும் நிறுத்தத்தின் பின் எஞ்சுவதற்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பது பெறப்படும். நிறுத்தும் பொத்தானை அமைத்தல் எளிது. சில வரி நிரலே போதும். அதனை எவ்விடத்தில் அழுத்தினும் ஏடு பழைய நிலையிலோ புதிய நிலையிலோ நிற்கும், இடைநிலையில் நில்லாது என்று உறுதி கூறுவதற்கே உழைப்பு வேண்டும். அவ்வுறுதி, ஒரு நல்ல இடத்தில் நிறுத்தி மகிழ்வதனாற் பிறவாது. எல்லா இடங்களிலும் நிறுத்தி, ஒவ்வோரிடத்தும் ஏட்டைத் திறந்து கேட்பதனாலேயே பிறக்கும்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் கணிப்பொறித் துறைக்குச் செல்கின்றனர். அவர் எழுதும் நிரலை நம்பி ஒரு மருத்துவமனையின் மருந்துக் கணக்கோ, ஒரு சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்போ நடைபெறலாம். அங்கே பொத்தானை அழுத்துவோர் ஆணை என்றும் பரிவர்த்தனை என்றும் அறியாதவர். ‘நிறுத்தினால் முன்போலவே இருக்கும்’ என்று நம்பியே அழுத்துவர். அந்நம்பிக்கை மெய்யாகுமாறு செய்தல் நிரல் எழுதுவோர் கடமை. அக்கடமையை மேற்கொள்வோர், தம் நிரலை ஒப்படைக்குமுன், முதல் அழைப்பிலும் இறுதி அழைப்பிலும் இடைப்பட்ட ஒவ்வோர் அழைப்பிலும் அதனை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பாராக.